மொரீஷியஸில் ஒரு நாள் கேடமரான் பயணம்: டால்பின், நீர் விளையாட்டு, சாப்பாடு… எதை எப்போது செய்வது

மொரீஷியஸ் போகிறவர்களில் பலர் ‘கேடமரான், டால்பின், பாராசெய்லிங், மதியச் சாப்பாடு எல்லாம் ஒரே நாளில்’ என்று ஆசைப்பட்டு ஒரு பேக்கேஜை வாங்கிவிடுகிறார்கள். கேடமரான் என்பது இரட்டை ஓடப் பாய்மரப் படகு, பாராசெய்லிங் என்பது படகு இழுக்கப் பாராசூட்டில் பறப்பது. இவை தீவின் வெவ்வேறு கரைகளில், வெவ்வேறு நேரங்களில் நடப்பவை என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரியவருகிறது. முதல் தடவை நானும் அப்படித்தான் மாட்டினேன். கிழக்குக் கரையில் நாள் முழுக்கக் கடலை வெறித்துப் பார்த்தேன், ஒரு டால்பினின் துடுப்புகூடத் தெரியவில்லை. அதன் பிறகு குடும்பத்தோடு ஒரு முறை, அலுவலக நண்பர்கள் பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை போனேன். அந்தப் பதினான்கு பேரும் தடுமாறிய இடங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் கரையை முடிவு செய்யுங்கள், படகைப் பிறகு

டால்பின் வேண்டுமென்றால் மேற்குக் கரை. டாமரின் விரிகுடாவும் அதற்குத் தெற்கே உள்ள ரிவியேர் நுவாரும்தான் இடம். இரண்டாவதை உள்ளூரில் பிளாக் ரிவர் என்றும் சொல்வார்கள். இங்கிருந்து கிளம்பும் கேடமரான்கள் பெரும்பாலும் ஈல் ஓ பெனிட்டியே தீவு, கிரிஸ்டல் ராக் என்ற பவளப்பாறை, தூரத்தில் ல மோர்ன் மலை என்று சுற்றிவரும்.

பாராசெய்லிங், ட்யூப் ரைடு (காற்றடைத்த மிதவையில் உட்காரவைத்துப் படகால் இழுப்பது) போன்ற இழுவை விளையாட்டுகளுக்குக் கிழக்கே ஈல் ஓ செர்ஃப் தீவு. த்ரூ தோ தூஸ் கிராமத்திலிருந்து படகு போகும். தண்ணீர் பச்சையும் நீலமுமாக அழகாக இருக்கும், ஆனால் டால்பினுக்கான இடம் அது இல்லை. வடக்கே கிராண்ட் பேயில் ஏறினால் கேப்ரியல் தீவுப் பக்கம் போகலாம். அங்கே பாய்மரப் பயணம்தான் விசேஷம்.

ஆகவே உங்களுக்கு எது முக்கியம் என்று வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். இந்த வழிகாட்டி டால்பினை முதலில் வைத்து மேற்குக் கரைக்காக எழுதியது. கிழக்குக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2. மாதத்தைப் பாருங்கள், அதைவிட முக்கியமாகக் காற்றைப் பாருங்கள்

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நமக்குக் கத்திரி வெயில் அடிக்கும்போது அங்கே குளிர்காலம் தொடங்குகிறது. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று பலமாக வீசும், தண்ணீரும் சில்லென்று இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் வெதுவெதுப்பு, ஆனால் அதுவே புயல் காலம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் படகுகள் கரையில்தான்.

மேற்குக் கரைக்கு ஒரு சலுகை உண்டு. தென்கிழக்குக் காற்றை நடுவே உள்ள மலைகள் தடுத்துவிடுவதால், கிழக்கே அலை புரளும் நாளிலும் டாமரின் பக்கம் கடல் குளம்போல் கிடக்கும். அதிலும் காலையில்தான் அமைதி, மதியத்துக்கு மேல் சிலுசிலுக்கத் தொடங்கும். ல மோர்ன் முனையில் மட்டும் காற்று வளைந்துவந்து அடிக்கும். கைட் சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் சறுக்குவது) செய்கிறவர்கள் அங்கே கூடுவது அதனால்தான். உங்கள் படகு அந்த முனையை நெருங்கும்போது திடீரென ஆட்டம் கூடினால் பயப்பட வேண்டாம்.

விண்டி போன்ற செயலியில் காற்றின் வேகத்தை முந்தைய நாள் மாலை பாருங்கள். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) தாண்டினால் சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகாமல் தள்ளிப்போடுவதே என் வழக்கம்.

3. விடுமுறையின் முதல் பாதியில் வையுங்கள்

கடைசி நாளில் வைத்தால், காற்றால் ரத்தானால் மாற்று நாள் இருக்காது. போய் இறங்கிய மறுநாளும் வேண்டாம், தூக்கம் கெட்ட உடம்பில் கடல் குமட்டல் சுலபமாக வரும். மூன்றாம் அல்லது நான்காம் நாள் சரியாக இருக்கும். ஸ்கூபா டைவிங்கும் (காற்று உருளையோடு ஆழத்தில் நீந்துவது) சேர்த்துக்கொண்டால், அது முடிந்து 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். ஊர் திரும்பும் நாளோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் கூட்டமாக வருவார்கள். வாரநாளில் தீவு காலியாக இருக்கும்.

4. பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

இவற்றை வாட்ஸப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு கரையில் செல்லாது.

டால்பின் பார்ப்பது எத்தனை மணிக்கு, எந்தப் படகில்? இதுதான் தலையாய கேள்வி. கேடமரான் பொதுவாக ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் கிளம்பும். டால்பின்கள் கரையோரம் இருப்பதோ அதிகாலையில். நான் பரிந்துரைப்பது இரண்டாகப் பிரிப்பது: ஆறரை, ஏழு மணிக்கு ஒரு ஸ்பீட் போட்டில் டால்பின், திரும்பிவந்து அதே பக்கத்தில் கேடமரான். சில நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே தருகின்றன. ‘வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால், பார்க்காமலும் வரலாம் என்று அர்த்தம்.

எத்தனை பேர்? பெரிய கேடமரானில் முப்பது, நாற்பது பேரை ஏற்றுகிறார்கள். பாட்டு, மது, ஆட்டம் என்றிருக்கும். அது பிடித்தவர்களுக்குச் சரி. அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் சின்னப் படகையோ தனிப் படகையோ பாருங்கள்.

என்ன சேர்த்தி, என்ன தனி? ஹோட்டலிலிருந்து கூட்டிப்போக வண்டி, நீருக்கடியில் பார்க்க உதவும் மாஸ்க், கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு, பானங்கள் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ‘நீர் விளையாட்டு உண்டு’ என்பது சில சமயம் மாஸ்க்கும் ஒரு துடுப்புப் பலகையும் மட்டும்தான். கிராண்ட் பேயில் தங்கினால் ரிவியேர் நுவாருக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

குழந்தை அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? வயதைச் சொல்லாமல் எடையைச் சொல்லுங்கள். ஜாக்கெட்டுக்கு எடைதான் அளவு.

ரத்தானால் என்ன? பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா? கூடவே, படகுக்குச் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் உண்டா என்பதையும் கேளுங்கள். கடற்கரையில் நடந்துவந்து பேரம் பேசுகிறவரிடம் இந்தக் கேள்வி கேட்டால் பாதி விஷயம் முகத்திலேயே தெரிந்துவிடும்.

5. முந்தைய இரவு: பயணம் கெடுவதும் நல்லபடி அமைவதும் இங்கேதான்

எங்கள் பதினான்கு பேரில் நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள். நால்வருமே குமட்டிய பிறகு மாத்திரை போட்டவர்கள். அவோமின் போன்ற மாத்திரைகள் வாந்தி வராமல் தடுப்பவை, வந்த பிறகு நிறுத்துவது கடினம். படுக்கும் முன்போ, கிளம்ப ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ போட வேண்டும். தூக்கம் வரும், அதனால் மதுவோடு சேர்க்கவே கூடாது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் என்றால் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கி வாருங்கள். இஞ்சி மரப்பா நாலைந்து பையில் போட்டுக்கொள்ளுங்கள், லேசான குமட்டலுக்கு வாயில் அடக்கிக்கொண்டால் ஆறுதல்.

வெறும் வயிற்றில் போகக்கூடாது, முட்டச் சாப்பிடவும் கூடாது. ரெண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம் போதும். ஹோட்டல் பஃபேயில் பால் காபி, எண்ணெய்ப் பலகாரம் என்று ஒரு கட்டு கட்டிவிட்டு வந்தவர்கள் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அதிகாலை எழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மொரீஷியஸ் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஐந்தரை என்றால் உங்கள் உடம்புக்கு ஏழு.

6. உடை, நகை, பை

பருத்திச் சுடிதாரும் லுங்கியும் நனைந்தால் கல்லாகக் கனக்கும், நீந்தும்போது காலைச் சுற்றும். முழுக்கை ரேஷ்கார்டும் (உடம்போடு ஒட்டிய நீச்சல் மேல்சட்டை) லெக்கிங்ஸும் போடுங்கள். ஸ்நார்க்கெல் செய்யும்போது, அதாவது மாஸ்க் மாட்டிக் குழாய் வழியே மூச்சு விட்டபடி நீருக்குள் பார்க்கும்போது, முதுகு மேலே தெரிய ஒரு மணி நேரம் மிதப்பீர்கள், தண்ணீர் குளிர்ச்சியில் வெயில் தெரியவே தெரியாது. சாயங்காலம் சட்டை போட முடியாமல் எரியும். துணி மூடிய இடத்துக்கு சன்ஸ்கிரீன் தேவையில்லை. முகம், கழுத்து, முட்டிக்குப் பின்னால், பாதத்தின் மேற்புறம் மட்டும் தடவுங்கள். அந்தக் கடைசி இடத்தை எல்லாரும் மறப்பார்கள்.

மெட்டியும் கொலுசும் படகின் முன்புற வலையில் மாட்டும். கழற்ற மனமில்லாவிட்டால் மெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டர் சுற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலியை ரேஷ்கார்டுக்கு உள்ளே தள்ளிக்கொள்ளலாம். மோதிரத்தை மட்டும் ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், வழுக்கிப் போனால் போனதுதான்.

காலுக்கு ரப்பர் அடியுள்ள நீர்க்காலணி கட்டாயம். ஆழமில்லாத இடத்தில் கடல்முள்ளியும், கல்போலவே படுத்திருக்கும் விஷ மீனும் உண்டு.

போனுக்கு நீர்புகா உறை வாங்கினால், முதல் நாள் இரவே உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால்தான் போனை வைக்கலாம். எங்கள் குழுவில் மூன்று உறைகளில் ஒன்று கசிந்தது.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் கவனிக்க: கண்ணாடிக்கு மேல் மாஸ்க் பொருந்தாது. ஒரு நாள் கான்டாக்ட் லென்ஸ், அல்லது பவர் உள்ள மாஸ்க். இல்லையென்றால் கீழே மீன் எல்லாம் நிறப் புகையாகத்தான் தெரியும்.

7. டால்பின்: முதல் வேலை

இரவு முழுக்க ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, ஸ்பின்னர் டால்பின்கள் காலையில் ஓய்வெடுக்க விரிகுடாவுக்குள் வருகின்றன. மணல் தரையும் தெளிந்த நீரும் இருந்தால் சுறா வருவது தெரியும் என்பதே காரணம். பாட்டில்மூக்கு டால்பின்களும் இதே பக்கம் திரியும். வெயில் ஏற ஏற, படகுகள் கூடக்கூட, அவை ஆழத்துக்கு நகர்ந்துவிடும். முதல் படகில் போவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்: ‘50 மீட்டருக்குள் போக வேண்டாம், துரத்த வேண்டாம்.’ நல்ல ஓட்டுநர் கூட்டத்துக்குப் பக்கவாட்டில் மெதுவாக இணையாகப் போவார். முன்னால் குறுக்கே போனாலோ பின்னால் விரட்டினாலோ கூட்டம் சிதறும், முங்கியது வெகுநேரம் எழாது. வாலால் தண்ணீரை அறைந்தால் எரிச்சலில் இருக்கலாம். நாம் அதைக் கண்டு கைதட்டுகிறோம்.

‘டால்பினோடு நீந்தலாம்’ என்று விற்பார்கள். நான் ஒரு முறை இறங்கியிருக்கிறேன். பத்துப் படகுகளிலிருந்து ஐம்பது பேர் ஒரே நேரத்தில் குதித்தோம். கண்ணில் பட்டதெல்லாம் அடுத்தவர் காலில் மாட்டிய ஃபின் (நீச்சல் துடுப்பு). படகிலேயே உட்கார்ந்திருந்த என் மாமியார்தான் எங்களைவிட அதிகம் பார்த்தார். தூங்க வந்த பிராணியை எழுப்பிவிடுகிறோம் என்பது ஒருபுறம், காட்சியும் கிடைப்பதில்லை என்பது மறுபுறம்.

போனில் படம் எடுக்கும்போது ஜூம் போடாமல் வீடியோவாக எடுங்கள், பிறகு அதிலிருந்து படம் வெட்டிக்கொள்ளலாம். துள்ளும் இடத்தை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஒரு முறை துள்ளியது அடுத்தடுத்துத் துள்ளும், அந்தத் திசையிலேயே போனைப் பிடித்திருங்கள். இரண்டு நிமிடம் எடுத்ததும் உள்ளே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். திரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றவும் செய்யும்.

8. கேடமரானில் எங்கே உட்காருவது

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் படகு வேறு. இரண்டு நீள ஓடங்களை நடுவே தளம் போட்டு இணைத்திருப்பார்கள், முன்புறம் வலை. எல்லாரும் ஏறியதும் படம் எடுக்க வலைக்கு ஓடுவார்கள். ஆட்டம் அதிகமுள்ள இடம் அதுதான், தண்ணீரும் கீழிருந்து முகத்தில் அடிக்கும். குமட்டல் வருகிறவர்கள் நடுவில், பாய்மரக் கம்பத்துக்குப் பின்னால், காற்று முகத்தில் படும்படி உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள். உள்ளறைக்குப் போய்ப் படுக்கலாம் என்று தோன்றும், போகாதீர்கள். அசையாத எதையும் கண் பார்க்காதபோதுதான் வாந்தி வரும்.

கழிவறை போக வேண்டுமென்றால் படகு நிற்கும்போதே போய்விடுங்கள். காகிதத்தைக் குழியில் போட்டால் அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் கூடை இருக்கும்.

9. ஸ்நார்க்கெல்: சாப்பாட்டுக்கு முன்

சாப்பிட்டதும் குப்புறப் படுத்து மிதந்தால் வயிறு புரளும். காற்றும் மதியத்துக்கு மேல் கூடும், தண்ணீர் கலங்கும். எனவே ஸ்நார்க்கெல், கயாக் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்.

மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டால் விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் அளவு. ஓரத்தில் முடி இருந்தால் ஒழுகும். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். மாஸ்க்கின் மேல் ஓரத்தை நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழே வெளியேறிவிடும். வாரை இறுக்கிக்கொண்டே போனால் ஒழுகல் கூடுமே தவிரக் குறையாது.

ஆவி படியாமல் இருக்கக் கண்ணாடியின் உட்புறம் எச்சில் தேய்த்து ஒரு முறை அலசுங்கள். முகம் சுளிக்காதீர்கள், பல வருடம் டைவ் செய்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கலாம். போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு, வாரை இறுக்குங்கள். படகு ஏணியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் நீரில் வைத்து, குழாய் வழியே பத்து முறை மூச்சு விட்டுப் பழகுங்கள். தண்ணீர் குழாய்க்குள் வந்தால் ‘பூ’ என்று வேகமாக ஊத வேண்டும். இந்தப் பத்து மூச்சைத் தாண்டிவிட்டால் பயம் பாதி போய்விடும். எங்கள் குழுவில் நேரே குதித்த ஒருவர் ஒரு வாய் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு, நாள் முழுக்க மறுபடி இறங்கவே இல்லை. தண்ணீருக்கே பயந்த அவர் மனைவி ஏணியில் பழகிவிட்டு முக்கால் மணி நேரம் மிதந்தார்.

தனியாகப் போகாதீர்கள், எப்போதும் இரண்டு பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள், நீரோட்டம் இழுப்பது உள்ளே தெரியாது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள், அது உயிர். உங்கள் காலையும் கிழித்துவிடும்.

10. சாப்பாடும் தீவும்

மதியம் படகிலேயே மீனும் கோழியும் சுடுவார்கள். சைவக்காரர்களுக்கு அதே கம்பியில்தான் காய்கறியும் வேகும். அது ஒத்துவராது என்றால் பதிவு செய்யும்போதே சொல்லித் தனிப் பாத்திரத்தில் கேளுங்கள், படகில் ஏறிச் சொன்னால் சோறும் சாலடும்தான் மிச்சம். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு அது, விரதச் சாப்பாடு என்றால் என்னவென்று புரியாமல் இருக்காது. சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னால் போதும்.

தீவில் இறங்கும்போது சில்லறை வைத்திருங்கள். மிளகாய் உப்பு தூவிய அன்னாசி விற்பார்கள், வாங்காமல் வராதீர்கள். அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டதும் எங்கள் ஆட்கள் கடைக்காரரை நிற்கவைத்துவிட்டு நோட்டைப் படம் எடுத்தார்கள். பவளத் துண்டு, சங்கு எதையும் பொறுக்கிப் பையில் போட வேண்டாம். எடுத்துவரத் தடை உண்டு.

மது இலவசம் என்றால், கடைசியாகத் தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகுதான் முதல் கோப்பை. இதில் சமரசம் வேண்டாம்.

11. பாராசெய்லிங்கும் கடலடி நடையும்: வேறொரு நாள்

ஈல் ஓ செர்ஃப் பக்கம் பாராசெய்லிங் கடலில் மிதக்கும் மேடையிலிருந்து கிளப்புவார்கள். காலை முதல் ஆளாகப் போங்கள், வரிசையும் குறைவு, காற்றும் நிதானம். பெல்ட்டின் தொடை வார் உட்காரும் இடத்துக்குக் கீழே வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். மேலே ஏறியதும் சேலத்து நண்பர் வேட்டியைப் பறக்கவிட்ட கதையெல்லாம் உண்டு, அரைக்கால் சட்டை போதும்.

கடலடி நடை நீச்சல் தெரியாதவர்களுக்கு ஏற்றது. 3, 4 மீட்டர் ஆழத்தில், மேலிருந்து காற்று வரும் பெரிய ஹெல்மெட்டை மாட்டி நடக்கவிடுவார்கள். தலை நனையாது, பவர் கண்ணாடியோடே போகலாம். ஏணியில் இறங்கும்போது காது அடைத்தால் அங்கேயே நின்று, எச்சிலை விழுங்குங்கள் அல்லது ஹெல்மெட்டுக்குக் கீழே கையை விட்டு மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள். திறந்தால் அடுத்த படி. திறக்காவிட்டால் மேலே வந்துவிடுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

12. கரை திரும்பியதும்

நல்ல தண்ணீரில் குளித்து, காதைத் துண்டால் ஒற்றிக் காய வையுங்கள், பஞ்சுக் குச்சி விடாதீர்கள். நீர்க்காலணியையும் போன் உறையையும் உப்புப் போகக் கழுவிவிட்டால் அடுத்த முறைக்கும் ஆகும். தண்ணீரும் இளநீரும் நிறையக் குடியுங்கள்.

அன்று மாலைக்கு வேறு திட்டம் போட வேண்டாம். குளியலறையில் கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றும்போது தரை மெல்ல ஆடும், படுத்தால் கட்டிலும் ஆடும். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சரியாகிவிடும்.